மடியில் கனமும் வழியில் பயமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஊர் பெயர்தல் நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. முதலாழ்வார்கள் மூவரும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நாளுக்கு ஓர் ஊராகத் திரிந்தவர்கள் என்பர் பூர்வர்கள். எம்பெருமானார் காஞ்சியிலிருந்து திருவரங்கத்துக்கும், பின்னர்த் திருவரங்கத்திலிருந்து மேல்நாட்டுக்கும் எழுந்தருளினார். நம்பெருமாள் தாமே 1323-ஆம் ஆண்டில் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்டு, 1371-ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தருளும் வரை 48 ஆண்டுகள் வெளியூர்களிலேயே தங்கியிருந்தார். அந்த நெடும்பயணத்தின் தடத்தை இன்றைய வரைபடத்தில் இட்டுப் பார்த்தால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநிலங்கள் அதில் அடங்கும். நம்பெருமாளைத் திரும்ப எழுந்தருளப்பண்ணிய கோபணார்யருக்கு இருப்பிடமாயிருந்த செஞ்சி, நாம் வசிக்கும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளது.

மாநில எல்லை என்று நாம் இன்று தயங்கி நிற்கும் கோடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழியாக வரையப்பட்டது. எம்பெருமானார் காலத்தில் அக்கோடு இல்லை. எனினும் மொழி மாறும் இடமும், முகம் தெரியாத வீதியும், பழகாத தண்ணீரும் அன்றும் இருந்தன. ஆகவே ‘ஊர் மாறலாமா, கூடாதா?’ என்ற கேள்விக்கு ஸம்ப்ரதாயம் எப்போதோ விடை கூறிவிட்டது, மாறலாம். ஆனால் இல்லறத்தில் இருப்பவர்களுக்கு அதனினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. இருவர் சேர்ந்து வாழும் வாழ்வில், ஊரை விட்டுப் போவது என்ற தீர்மானம் யாருடையது? ஒருவர் தீர்மானித்து மற்றவர் பின்தொடர்ந்தால் போதுமா? இருவரும் சேர்ந்து தீர்மானிப்பது என்றால் என்ன? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதனையே.

இது நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. பணி ஓய்வுக்குப் பின் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில், திண்ணை வைத்த ஒரு சிறு வீட்டில் நாமும் நம் தர்மபத்தினியும் வசித்து வருகிறோம். நமக்கு வயது 67, அவருக்கு 63. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் சென்ற ஆண்டிலிருந்து, ‘இங்கேயே வந்துவிடுங்கள்’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள். மனைவிக்கு முழங்கால் வலி. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றும் லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் நம் தெருமுனையைக் கடந்தே செல்கிறார்கள். அந்த இரவுகளில் வாகனம் எதுவும் வெளியே செல்ல இயலாது. கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டா. அப்படிப்பட்ட ஓரிரவில் இருவரில் ஒருவருக்கு மார்வலி வந்தால் என்ன செய்வது என்பது மகனின் கவலை. அதில் நியாயம் உண்டு.

வணிகவியல் படித்து, வாழ்நாள் முழுதும் வங்கியில் இருந்தவர்க்கு இத்தகைய வேளையில் கை தானாகவே தாளை எடுத்து நடுவே கோடு கிழிக்கும். நாமும் கிழித்தோம். ஓய்வூதியம் எந்த ஊரிலும் வரும். நவம்பரில் தரவேண்டிய வாழ்வுச் சான்றையும் இப்போது கைப்பேசி வழியாகவே தந்துவிடலாம். வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தடையின்மைச் சான்று பெற்று அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வீட்டை விற்று அத்தொகையைப் பிள்ளையிடம் கொடுப்பது பெற்றோர் பலர் செய்யும் செயல். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. ஆயினும் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நன்று என்று வங்கி மேசையில் அமர்ந்து எத்தனையோ பெரியவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். வரவும் பற்றும் இவ்வாறு நிரம்பின. ஆனால் ஐந்தொகை ஈடாகவில்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இந்தத் தாளிலோ இரண்டு பக்கங்களையும் எழுதியது ஒரே கை.

தாளை மனைவியிடம் காட்டினோம். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு, “உங்கள் உத்தியோகத்தில் இதுவரை ஏழு ஊர் வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மாற்றல் உத்தரவு வந்தது, மூட்டை கட்டினோம். உங்களையே யாரும் கேட்டதில்லை. என்னை எங்கே கேட்பார்கள்? இந்த ஒருமுறைதான் உத்தரவு இல்லாமல் ஊர் மாறுவது பற்றிப் பேசுகிறோம். பதில் சொல்ல எனக்கு நாள் வேண்டும்” என்றார். அந்தச் சொற்கள் நம்மைப் பூர்வாசார்யர்களின் ஐதிஹ்யங்களிடம் அழைத்துச் சென்றன.

முதலில் சக்ரவர்த்தித் திருமகனையும் பிராட்டியையும் நோக்குவோம். ஸ்ரீராமாயணத்தில் அயோத்யா காண்டத்தின் 26-ஆம் சர்க்கம் முதல் 30-ஆம் சர்க்கம் வரை நிகழ்வது, ஊர் பெயர்தலைப் பற்றி ஒரு தம்பதியர் நடத்திய உரையாடலே. பெருமாள் முதலில் தாமே தீர்மானித்துவிட்டு வருகிறார். தாம் காட்டுக்கு, பிராட்டி அயோத்தியில் மாமன் மாமியருக்குத் துணையாக. காட்டின் இன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் கூறுகிறார். பிராட்டி அத்தீர்மானத்தை ஏற்கவில்லை. முதலில் தர்மத்தைச் சொல்கிறாள். பிறகு தன் விருப்பத்தைச் சொல்கிறாள். இறுதியில், ஆணுருவில் இருக்கும் பெண்ணையோ என் தந்தை மருமகனாகக் கொண்டார் என்னும் அளவுக்குக் கடுஞ்சொல்லையும் சொல்லிவிடுகிறாள். அதன் பின்னரே பெருமாள் இசைகிறார்.

இசையும்போது அவர் கூறும் காரணம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. காக்கும் வல்லமை தமக்கு உண்டு என்றும், ஆயினும் பிராட்டியின் கருத்தை முழுவதுமாக அறியாமல் அவளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லத் தமக்கு விருப்பமில்லை என்றும் கூறுகிறார். காக்க வல்லவன் என்பதாலேயே தீர்மானிக்கும் உரிமை தனக்கே உரியது என்று அவர் கொள்ளவில்லை. ‘முழுவதுமாக’ என்பது இங்கே உயிர்ச்சொல். பாதிக் கருத்து முதற்பேச்சிலேயே வெளிவந்துவிடும். மீதிப் பாதி, கோபமும் கண்ணீரும் வரும்வரை பேசினால்தான் வெளிவரும். அதுவரை பொறுத்துக் கேட்டார் பெருமாள்.

மனைவி கணவனைப் பின்தொடர்வதே தர்மம் என்று பிராட்டியை உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. மெய்தான், பின்தொடர்ந்தாள். ஆனால் கணவனுடைய முதற் கட்டளையை மறுத்தே பின்தொடர்ந்தாள் என்பதை மறந்துவிடுகிறோம். அவள் பேசாதிருந்திருந்தால் அயோத்தியிலேயே இருந்திருப்பாள். சிறையிருந்தவள் ஏற்றம் சொல்லும் காவியமும் நமக்குக் கிடைத்திராது.

அடுத்தது கூரத்தாழ்வானும் ஆண்டாளம்மையும் திருவரங்கத்துக்கு எழுந்தருளிய வரலாறு. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்தவர் ஆழ்வான். இரவில் அவர் திருமாளிகையின் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் எம்பெருமான் ஸந்நிதி வரை கேட்டதாம். அதனை அறிந்த ஆழ்வான், தம் செல்வத்தின் ஓசை அங்கே கேட்டதற்கு நாணி, அனைத்தையும் துறந்து மனைவியோடு திருவரங்கம் நோக்கி நடந்தார். வழியில் காடு. ஆண்டாள், ‘இங்கே பயம் உண்டோ?’ என்று கேட்டாள். ‘மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம், ஏதேனும் கொண்டுவந்தாயோ?’ என்று ஆழ்வான் வினவ, ‘தேவரீர் அமுது செய்வதற்காகப் பொன் வட்டில் ஒன்றை எடுத்து வந்தேன்’ என்றாள் அவள். ஆழ்வான் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, பயம் நீங்கி நட என்றாராம்.

இந்த ஐதிஹ்யத்தை ஆழ்வானுடைய வைராக்கியத்துக்கு உதாரணமாகவே பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். அது மெய்யே. எனினும் இல்லறத்தார் இதில் கற்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. ஆண்டாள் வட்டிலைத் தனக்காக எடுத்து வரவில்லை. நகையோ பணமோ எடுத்து வரவில்லை. அனைத்தையும் துறந்து வருகிறவர், பழகிய வட்டிலிலாவது அமுது செய்யட்டுமே என்ற பரிவு ஒன்றே அவளை எடுக்க வைத்தது. ஆகவே அந்த மூட்டைக்குள் இருந்தது பேராசையன்று, அன்பே. அந்த அன்பே, சொல்லப்படாமல் இருந்ததனால், காட்டு வழியில் பயமாக உருமாறியது. சொன்ன மாத்திரத்தில் பயம் விலகியது. வட்டில் புதரில் விழுவதற்கு முன்பே, ‘கொண்டுவந்தேன்’ என்று அவள் வாய் திறந்தபோதே பயத்தில் பாதி போயிருக்கும் என்று தோன்றுகிறது.

ஆழ்வான் செய்ததையும் பார்க்க வேண்டும். ‘ஏன் பயப்படுகிறாய்?’ என்று அவர் கடியவில்லை. ‘பயமில்லை, வா’ என்று மேலெழுந்தவாரியாகத் தேற்றவும் இல்லை. ‘கையில் என்ன?’ என்று கேட்டார். கேட்பவர் ஒருவர், மறையாது சொல்பவர் ஒருவர் என்று அவ்விருவர் வாழ்வும் அமைந்தது. பின்னாளில் திருவரங்கத்தில், மழையால் உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலாத ஓரிரவில், பெரியபெருமாளின் அரவணை மணியோசை கேட்ட ஆண்டாள், ‘உம் அடியார் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கிறீரோ’ என்று மனத்துக்குள் நினைத்தாள். பிரஸாதம் இல்லம் தேடி வந்தது. அப்போதும் ஆழ்வான் கேட்டார், ‘நீ ஏதேனும் நினைத்தாயோ?’ என்று, அப்போதும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பிரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டர் அவதரித்தார் என்று குருபரம்பரை கூறும். ஊர் மாறிய பின்னும் கேட்பதும் சொல்வதும் நின்றுவிடவில்லை.

நாங்கள் இருவரும் இந்த ஐதிஹ்யத்தைச் சேர்ந்து படித்த பிறகு, ‘மூட்டையைப் பிரிப்போம்’ என்று முடிவு செய்தோம். தனித்தனியே ஒரு தாளில், இதுவரை வாயால் சொல்லாதது எதுவோ அதை மட்டும் எழுதினோம்.

நம் தாளில் இருந்தது இது. இவ்வூரில் நவம்பர் மாதம் வந்தால் ஓய்வூதியர்கள் நம் திண்ணைக்கு வருகிறார்கள். கைரேகை தேய்ந்துபோன கைகளோடு வரும் மூதாட்டிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். வங்கிக்குத் துணைக்குப் போகிறோம். மார்கழியில் அதே திண்ணையில் நாலைந்து குடும்பங்கள் கூடித் திருப்பாவை அநுஸந்திக்கிறோம். பெங்களூருவின் அடுக்ககத்தில் நாம் பேத்தியின் தாத்தா மட்டுமே. யாருக்கும் பயன்படாத ஒருவராக ஆகிவிடுவோமோ என்ற அச்சம் நமக்கு இருந்தது. அதற்கு நாம் கைங்கர்யம் என்ற பெயரையும் சூட்டியிருந்தோம். கைங்கர்யம் அதில் உண்டு; வணங்கப்படும் சுகமும் அதில் கலந்தே உண்டு. பொன் எது, பித்தளை எது என்று உரைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இல்லாளின் தாளில் இரண்டே வரிகள். “இருவரில் ஒருவர் முன்னே திருநாடு அடைந்த பிறகு, மற்றவர் இரவில் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்வது அமங்கலம் என்று சொல்லாமல் இருந்தேன்.” முழங்கால் வலியைப் பற்றி நாம் எழுதியிருந்தோம், அதை அவர் எழுதவே இல்லை. திருக்கோவலூருக்கு மாதந்தோறும் திருவோணத்தன்று சென்று ஆயனாரை ஸேவிப்பது நமக்கு எவ்வளவு பிரியம் என்பதை அறிந்து, அதற்கு இடையூறாகிவிடக் கூடாதென்றே அவர் வாய் திறக்கவில்லை. அவர் மூட்டையில் இருந்ததும் நமக்காக எடுத்து வந்த வட்டிலே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பரமனிடம் பாரத்தை ஒப்படைத்த ப்ரபந்நனுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு, அவன் திருவுள்ளப்படி நடக்கட்டுமே என்று. பலனை அவனிடம் ஒப்படைப்பது சரணாகதி. ஆனால் உடனிருக்கும் பாகவதரின் மனத்தைக் கேட்டறியாமல் இருப்பது சரணாகதியாகாது. மனைவியும் திருவிலச்சினை பெற்ற ஒரு ஸ்ரீவைஷ்ணவரே என்பதை நாம் மறக்கலாகாது. அவருடைய நன்மை இதுவே என்று அவரைக் கேளாமல் நாமே நிச்சயிப்பது, அன்பினால் செய்தாலும், ஸ்வாதந்த்ர்யத்தின் ஒரு சாயலே. தன் விருப்பத்தை மறைத்து வைத்துப் பிறருக்காகத் தியாகம் செய்வதும் அதன் மற்றொரு சாயலே. அங்கும் இருவருக்கான முடிவை ஒருவர் தனியே எடுத்துவிடுகிறார். பாரதந்த்ர்யம் என்பது வாய்மூடி இருப்பதன்று. தன்னைத் திறந்து காட்டி, மற்றவரைக் கேட்டு, பிறகு கிடைத்த முடிவைத் தன்னுடையது என்று உரிமை பாராட்டாமல் ஏற்பதே அது.

இனி, போய்ச் சேரும் இடத்தைப் பற்றியும் ஐதிஹ்யம் ஒரு பாடம் தருகிறது. பெரியநம்பிகள் தம் தேவிகளோடு காஞ்சிக்கு எழுந்தருளி, இளையாழ்வாரின் திருமாளிகையிலேயே ஏறக்குறைய ஆறு மாதம் தங்கியிருந்தார். ஆசார்யர் ஒருவர், சிஷ்யர் உடையவர்; அவர்களுக்கு இடையே குறை ஏது? ஆயினும் கிணற்றடியில் ஒரு குடத்து நீர் மறு குடத்தில் சிந்தியதிலிருந்து இரு தேவிகளுக்கும் இடையே பேச்சு வளர்ந்தது. பெரியநம்பிகள் யாரிடமும் சொல்லாமல் தேவிகளை அழைத்துக்கொண்டு திருவரங்கத்துக்குத் திரும்பிவிட்டார். அத்தகைய மகான்கள் வாழ்ந்த மாளிகையிலேயே ஒரு கிணறு போதவில்லை. இதைப் படித்தபின், மகனுடைய வீட்டின் ஓர் அறைக்குள் எங்களை அடக்கிக்கொள்வதா என்று யோசித்தோம். அவனிடமும் மூட்டையைப் பிரிக்கச் சொன்னோம். ‘உங்களைப் பார்த்துக்கொள்ள அழைக்கிறாயா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழைக்கிறாயா?’ என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “இரண்டுக்கும்தான் அப்பா” என்றான். இரண்டாவதை அவன் மறைக்காததனாலேயே முதலாவதை நம்ப முடிந்தது.

எதை விட்டுச் செல்வது என்பதைக் கூரத்தாழ்வான் வரலாறு சொல்கிறது. எதைக் கொண்டு செல்வது என்பதைக் கொங்கிற்பிராட்டி வரலாறு சொல்கிறது. கொங்குநாட்டில் வற்கடம் வந்தபோது பிழைப்புக்காகத் திருவரங்கம் வந்து, ஒரு வீட்டின் மேல்தளத்தில் கணவரோடு குடியிருந்தவர் அவ்வம்மையார். பஞ்சத்துக்கு ஊர் மாறியவர்கள். திவ்யதேச வாஸம் செய்ய வந்தவர்கள் அல்லர். வீதியில் மாதுகரத்துக்கு எழுந்தருளிய எம்பெருமானாரைக் கண்டு, அவர் திருவடிகளில் பெரியோர் பலரும் விழக் காரணம் என்ன என்று நேரே கேட்டு, அந்த நல்வார்த்தையைத் தாமும் பெற்றார். மழை பெய்து நாடு செழித்ததும் கணவரோடு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. புறப்படும்போது எம்பெருமானாரிடம் அவருடைய திருப்பாதுகைகளைப் பெற்றுச் சென்று, தம் இல்லத்தில் எழுந்தருளப்பண்ணி ஆராதித்து வந்தார். பின்னொரு காலத்தில் எம்பெருமானார் வெள்ளை சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளியபோது, வழியில் அமுது செய்ய இடமளித்தது அவ்வில்லமே.

வட்டிலும் கைப்பொருள்தான், பாதுகையும் கைப்பொருள்தான். இரண்டும் ஊர் விட்டு ஊர் சென்றவை. ஒன்று புதரில் விழுந்தது, மற்றொன்று பூஜைக்கு உரியதாயிற்று. வட்டில் பழைய வாழ்வின் வசதியைப் புதிய ஊருக்குக் கொண்டு செல்ல முயன்றது. பாதுகையோ ஓர் உறவைக் கொண்டு சென்றது. நம் பரணில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தபோது இந்த அளவுகோல் பெரிதும் உதவியது.

உறவு என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம்; எல்லா வழக்கும் தீருமிடம் அதுவே. ஆழ்வான் மீண்டும் ஒருமுறை ஊர் பெயர்ந்தார் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. கண்களை இழந்து திருவரங்கம் திரும்பியிருந்த காலம். எம்பெருமானாரோடு ஸம்பந்தமுடையவர் யாரும் கோயிலுக்குள் புகக் கூடாது என்று ஆணை இருந்தது. வாயிலில் ஒருவர் தடுக்க, மற்றொருவர், ‘ஆழ்வான் நற்குணம் உடையவர், விடலாம்’ என்றார். தம் குணத்தைக் காட்டி உள்ளே சென்றால் எம்பெருமானார் ஸம்பந்தத்தை விட்டதாகும் என்று ஆழ்வான் பின்வாங்கினார். பிறகு குடும்பத்தோடு திருவரங்கத்தையே விட்டுத் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. எம்பெருமானார் மீண்டும் திருவரங்கத்துக்கு எழுந்தருளியதும் ஆழ்வானும் திரும்பினார்.

எந்த ஊருக்காகப் பொன்னையெல்லாம் துறந்து வந்தாரோ அந்த ஊரையே ஓர் உறவுக்காகத் துறந்தார். ஆகவே ஊரைக் காட்டிலும் உறவே மேம்பட்டது என்பது ஆழ்வான் அநுஷ்டித்துக் காட்டிய அர்த்தம். எம்பெருமானார் தம் இறுதிக் காலத்தில் சிஷ்யர்களுக்கு அருளிய ஆறு வார்த்தைகளின் அமைப்பும் இதனை உறுதிப்படுத்துகிறது. ஸ்ரீபாஷ்யம், அருளிச்செயல், திவ்யதேசக் கைங்கர்யம் என்று தொடங்கிய அவர், திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டு வஸிப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அதாவது, இன்று வேறு மாநிலம் என்று நாம் சொல்லும் நிலத்தில் சென்று குடியிருப்பதே அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. அதோடும் நிறுத்தவில்லை. எதுவும் இயலாவிடில், ‘இவன் நம்முடையவன்’ என்று அபிமானிக்கும் ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய நிழலில் ஒதுங்கி இருங்கள் என்று முடித்தார். ஊரைக் கடந்தும் நிற்பது ஒருவருடைய அபிமானம். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் ஒருவர் வேண்டும் என்று இல்லாள் எழுதிய வரிக்கும், எம்பெருமானாரின் கடைசி வார்த்தைக்கும் நெடுந்தூரம் இல்லை.

எங்கள் முடிவை அறிய வாசகர்கள் விரும்பக்கூடும். தை பிறந்ததும் பெங்களூருவுக்குப் புறப்படுகிறோம். மகன் வீட்டுக்கு நடந்து செல்லும் தொலைவில் தனியாக ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறோம். கிணறு இரண்டாக இருக்கட்டும். அடி அண்ணாமலை வீட்டை விற்கவில்லை. திண்ணையின் சாவி மார்கழி கோஷ்டியாரிடம் இருக்கும். படிவம் நிரப்பும் வேலையை, இவ்வூரிலேயே வணிகவியல் படித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர் இரண்டு மாதங்களாக நம்மோடு அமர்ந்து கற்று வருகிறார். திருவோணத்துக்குத் திருக்கோவலூர் செல்வது இனி மாதந்தோறும் வாய்க்காது. அது இழப்பே, அதற்கு லாபம் என்று பெயர் சூட்டி ஐந்தொகையை ஈடுகட்ட வேண்டா. மாண்டியா மாவட்டத்தில் செல்லப்பிள்ளை எழுந்தருளியிருக்கும் திருநாராயணபுரம் பெங்களூருவிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பும் தொலைவில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. எனினும் அங்கேயும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இதே தீர்மானத்தை எதிர்நோக்கும் தம்பதியர் எங்களைப் போலவே புறப்பட வேண்டும் என்பதில்லை. மூட்டையைப் பிரித்த பின், இருக்கும் ஊரிலேயே இருப்பது என்று முடிவு செய்வோரும் உண்டு; அதுவும் நல்ல முடிவே. இருவருடைய முழுக் கருத்தும் வெளிவந்த பின் எடுக்கும் முடிவுக்கு ஒரு அடையாளம் உண்டு. பின்னாளில் துன்பம் வரும்போது ‘உன்னால்தான் வந்தோம்’ என்றோ, ‘உன்னால்தான் தங்கினோம்’ என்றோ இருவரில் எவரும் சொல்ல மாட்டார். வழியில் இன்னல் வரலாம். மடியில் கனம் இராது.

திருக்கோவலூர் இடைகழியை ஒருமுறை நினைவுகூர்ந்து இதனை நிறைவு செய்வோம். அந்த மழையிரவில் பொய்கையார் முதலில் வந்து படுத்திருந்தார். பூதத்தார் வந்ததும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயார் வந்ததும், மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். வந்தவருக்கு இடமளிக்க ஒவ்வொரு முறையும் முன்பிருந்தவர் தம் ஸுகத்தைச் சிறிது விட்டார். மூவரும் அப்படி நெருங்கி நின்ற பிறகே நான்காமவன் வந்து நெருக்கினான். இல்லறத்தின் இடைகழியும் அகலமானதன்று. ஒருவர் கால்நீட்டிப் படுத்தபடியே எடுக்கும் தீர்மானத்தில் மற்றவருக்கு இடமில்லை. எழுந்து அமர்ந்து, பின் எழுந்து நின்று, மற்றவர் மனத்துக்கு இடம் விடும் அளவுக்கே அவனுக்கும் அங்கே இடம் உண்டாகும். அவ்வாறு நிற்கும் இருவருக்கு எந்த மாநிலமும் அயல் நிலமாகாது.

அடியோங்கள் ராமாநுஜதாஸர்கள்.